இழப்பிலிருந்து மருந்து

இரத்தப் புற்றுநோய் என்றதும் நாம் நம்பிக்கை இழந்துவிடுகிறோம். எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர்களை நினைத்துப் பார்ப்போம். 1895ம் ஆண்டு பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். இளமையில் தன் சகோதரரை ஸ்புரூ என்ற குடல் நோய்க்குப் பறிகொடுத்தார். பிறகு அமெரிக்கா சென்றார். பின்னாளில் லெடர்லி ஆய்வகத்தில் அவரது குழு, அந்நோய்க்கு மருந்தான ஃபோலிக் அமிலத்தைத் தயாரித்தது.

எலும்பு மஜ்ஜையில் கட்டுக்கடங்காமல் பெருகும் புற்றணுக்களுக்கும் அந்த அமிலம் தேவை. எனவே, அதன் செயலைத் தடுக்கும் அமினோப்டெரினையும் அக்குழு உருவாக்கியது. பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் அதை 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேர் தேறினர். ஆனால், சிறிது காலமே. 1948ல் இச்செய்தி வெளியானது. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே சுப்பாராவ் இறந்தார். அம்மருந்தின் வழிவந்த மெத்தோட்ரெக்சேட், மற்ற மருந்துகளோடு சேர்ந்து இன்றும் குழந்தைகளைக் காக்கிறது.

நம் இழப்புகள் நம்மில் கசப்பாகத் தங்குகின்றனவா, பிறருக்கு மருந்தாகின்றனவா? சிந்திப்போம்.