சிவில் சேவையின் வாயில் திறந்த பெருமகன்
சேர் பொன்னம்பலம் அருணாசலம்

கற்றோர் பலர், தாம் கற்ற கல்வியைப் பிறந்த நாட்டுக்குப் பயன்படச் செய்தோர் சிலர். அச்சிலருள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள். ஆங்கிலேயர் ஆண்ட காலத்திலே, அவர்களுக்கே உரிய கோட்டைபோல் விளங்கிய இலங்கைச் சிவில் சேவையினுள், திறந்த போட்டிப் பரீட்சையிலே தேறி முதன்முதற் புகுந்த இலங்கையர் அன்னாரே. அஃது 1875ஆம் ஆண்டில் நிகழ்ந்தது.

அந்தச் சிவில் சேவை 1963ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவெய்தி, அதன் இடத்தில் நிர்வாக சேவை தோன்றியது. பெயர் மாறினும் போட்டி மாறவில்லை. மிகச் சில இடங்களுக்கு மிகப் பலர் முயல்கின்றனர். நம் அன்புவழிபுரத்திலும் அயலூர்களிலும் அப்பரீட்சையை மனத்திற்கொண்டு நள்ளிரவு வரை விளக்கெரித்துப் படிக்கும் வாலிபர் யாவரும் அறியவேண்டிய வரலாறு இது. எவ்வாறு தேறுவது என்பதோடு, தேறிய பின் என்ன செய்வது என்பதையும் இவ்வரலாறு நமக்குக் காட்டுகின்றது.

குடியும் கல்வியும்

1853ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 14ஆந் திகதி கொழும்பு மாநகரிலே, பொன்னம்பல முதலியாரின் மூன்றாம் புதல்வராக அருணாசலம் பிறந்தார். குமாரசுவாமியும் இராமநாதனும் அவருக்கு மூத்தோர். தந்தையார் செல்வத்திலும் சிவபத்தியிலும் சிறந்தவர்; கொழும்பு கொச்சிக்கடையிலே பொன்னம்பலவாணேசர் ஆலயத்தை எழுப்பியவர். தாய்மாமன் சேர் முத்துக்குமாரசுவாமி, பாரிஸ்டராகவும் சட்டநிரூபண சபை உறுப்பினராகவும் விளங்கிப் புகழ்பெற்றவர். பின்னாளிற் கலையுலகம் போற்றிய ஆனந்த குமாரசுவாமியின் தந்தையும் அவரே.

பிற்காலத்தில் றோயல் கல்லூரி எனப் பெயர்பெற்ற கொழும்பு அக்கடமியிலே அருணாசலம் பயின்றார். 1870ஆம் ஆண்டிலே, இங்கிலாந்து சென்று பல்கலைக்கழகக் கல்வி பெறுதற்குரிய அரசாங்கப் புலமைப் பரிசிலை வென்றார். அப்பொழுது அவருக்கு வயது பதினேழு. கேம்பிறிட்ஜ் நகரத்துக் கிறைஸ்ற் கல்லூரியிற் சேர்ந்து, கணிதத்தையும் கிரேக்க இலத்தீன் இலக்கியங்களையும் கற்றார். அங்கும் கல்லூரிப் புலமைப் பரிசில் அவரைத் தேடி வந்தது. எட்வேர்ட் காப்பென்ரர் என்னும் ஆங்கில அறிஞரின் நட்பு வாய்த்ததும் அக்காலத்திலேயே. அந்நட்பு வாழ்நாள் முழுதும் நிலைத்தது.

பரீட்சை வந்த வரலாறு

அரசாங்க உத்தியோகத்துக்குப் போட்டிப் பரீட்சை வைப்பது அந்நாளிற் புதிய வழக்கம். அதற்குமுன் பெரிய இடத்துச் சிபார்சே உத்தியோகத்தைத் தந்தது. சீன தேசத்திலோ, அரசாங்க அலுவலரைப் பரீட்சையால் தெரியும் முறை பல நூற்றாண்டுகளாக நிலவி 1905ஆம் ஆண்டில் முடிந்தது. இந்திய சிவில் சேவைக்குப் பிரித்தானியர் திறந்த போட்டியை ஏற்படுத்தி, முதற் பரீட்சையை 1855இல் இலண்டனில் நடத்தினர். அதற்கு வழிவகுத்த மக்காலேயின் குழு, ஏதேனும் ஒரு தொழிற்குரிய சிறு பயிற்சியைச் சோதிப்பதிலும் பரந்த பொதுக் கல்வியைச் சோதிப்பதே தக்கது எனக் கொண்டது.

சட்டப்படி அவ்வாயில் யாவர்க்கும் திறந்திருந்தது. உண்மையிலோ ஒருசிலருக்கே திறந்தது. பரீட்சை இலண்டனில், பாஷை ஆங்கிலம், அதிக மதிப்பெண் பெற்ற பாடங்களிலே கிரேக்கமும் இலத்தீனும் இடம்பெற்றன, வயதெல்லை குறுகியது, கடல்கடந்து போய் வர வேண்டிய பொருளோ பெரிது. இவற்றையெல்லாம் வென்று இந்திய சிவில் சேவையில் முதலிற் புகுந்த இந்தியர் சத்தியேந்திரநாத தாகூர். அது 1863ஆம் ஆண்டில். பின்னர் 1869இல் ரொமேஷ் சந்திர தத்தர், பிகாரிலால் குப்தா, சுரேந்திரநாத பானர்ஜி ஆகிய மூவர் தேறினர்.

இலங்கையிலும் சுதேசிகள் சிலர் அதற்குமுன் சிவில் சேவையில் இடம்பெற்றனர். தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிய புத்தளத்துச் சைமன் காசிச்செட்டி அவருள் ஒருவர். ஆனால் அவர்கள் நியமனத்தாற் புகுந்தோர். பரீட்சை மண்டபத்தில் ஆங்கில மாணாக்கரோடு ஒருங்கே அமர்ந்து, ஒரே வினாவுக்கு விடையெழுதி வெல்லும் தகுதி இலங்கையருக்கும் உண்டு என்பதை எவரேனும் ஒருவர் நிரூபிக்கவேண்டியிருந்தது.

அருணாசலத்தின் விருப்பம் சட்டத்தொழிலிலே நாட்டங்கொண்டிருந்தது. அதற்கென அவர் சட்டங் கற்றுப் பாரிஸ்டரானார். எனினும் சிவில் சேவைப் பரீட்சைக்குத் தோற்றுமாறு மாமனார் முத்துக்குமாரசுவாமி வற்புறுத்தினார். மாமனார் சொல்லைத் தட்டாது தோற்றித் தேறி, 1875ஆம் ஆண்டிலே தாயகம் திரும்பி உத்தியோகம் ஏற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று.

ஒன்றை இங்கே ஊன்றி நோக்குதல் வேண்டும். பரீட்சைக்கென்றே சில மாதம் நெட்டுருப்பண்ணிப் பெற்ற வெற்றியன்று அது. கணிதம் சிந்தனையைச் செம்மைப்படுத்தியது. பிறமொழி இலக்கியம் உலகத்தைக் காட்டியது. சட்டம் சொல்லை அளந்து எழுதப் பழக்கியது. பல ஆண்டு சேர்த்த கல்வியே பரீட்சை நாளன்று கைகொடுத்தது.

முப்பத்தெட்டு ஆண்டுப் பணி

கச்சேரியிலே தொடங்கி, நீதவானாகவும் மாவட்ட நீதிபதியாகவும் பல ஊர்களிற் கடமையாற்றினார் அருணாசலம். அவருடைய தீர்ப்புகளின் தெளிவு உயர்நீதிமன்றத்தாரின் மதிப்பைப் பெற்றது. 1887ஆம் ஆண்டிலே தேசாதிபதி சேர் ஆர்தர் கோர்டன், சேவையில் மூத்த ஆங்கில உத்தியோகத்தர் பலரையும் தாண்டி அவரைப் பதிவாளர் நாயகத்தின் பதவியில் அமர்த்தினார். மூத்தோர் முணுமுணுத்தனர், மேலிடத்துக்கு முறையிடவுஞ் செய்தனர். அம்முறைப்பாட்டுக்கு அருணாசலம் தம் வேலையினாலேயே விடையளித்தார்.

பதிவுக் கந்தோர் அந்நாளிற் குழப்பத்தின் உறைவிடமாயிருந்தது. காணி உறுதியைப் பதிவுசெய்ய வந்த ஏழைக் கமக்காரன் நாட்கணக்கிற் காத்திருந்தான். மோசடிக்கும் அங்கே இடமிருந்தது. அருணாசலம் பதிவேடுகளை ஒழுங்குபடுத்தினார், தாமதத்தை அகற்றினார், பிறப்பு இறப்புப் பதிவுகளைச் சீர்செய்து, அவற்றிலிருந்து நாட்டின் நலத்தை அறியும் வகை செய்தார். ஒருவன் காணி அவனுக்கே உரியது என்பதைக் காட்டும் கடதாசியைப் பத்திரமாக வைத்துக்கொடுப்பது சிறு வேலைபோலத் தோன்றலாம். காணி வழக்கிலே அகப்பட்டு அல்லற்பட்ட குடும்பத்தார் அதன் அருமையை அறிவர்.

1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தும் பொறுப்பும் அவரிடமே வந்தது. நாட்டின் சனத்தொகை ஏறக்குறைய 35 இலட்சத்து 66 ஆயிரம் என அக்கணக்கு காட்டியது. அதுபற்றி அவர் எழுதிய அறிக்கையோ வெறும் எண்களின் அட்டவணையன்று. இலங்கையின் சாதி சமயங்கள், பாஷைகள், பழைய வரலாறு, மக்களின் வழக்கங்கள் யாவும் அதில் இடம்பெற்றன. ஆராய்ச்சியாளர் இன்றும் நாடும் நூலாக அது நிற்கின்றது.

பின்னர் சட்டநிரூபண சபையிலும், 1912இல் நிர்வாக சபையிலும் அமர்ந்து, 1913ஆம் ஆண்டிலே ஓய்வு பெற்றார். சேர் பட்டமும் அவரை அடைந்தது.

தாம் நுழைந்த வாயிலைப் பிறர்க்கும் அகலத் திறந்தமை

அருணாசலத்துக்குச் செல்வக் குடும்பம் இருந்தது. புலமைப் பரிசில் இருந்தது. வழிகாட்ட மாமனார் இருந்தார். இவை இல்லாத கிராமத்துப் பிள்ளையின் நிலை என்ன? இந்த வினாவை அவர் மறக்கவில்லை. இங்கிலாந்து செல்ல வசதியுள்ளோரே உயர்கல்வி பெறலாம் என்ற நிலை மாறவேண்டும் என்று கருதி, இலங்கைக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டுமென 1906ஆம் ஆண்டிலேயே இயக்கம் தொடங்கினார். ஆங்கிலத்தில் இத்துணைப் புலமை பெற்ற அவர்தாமே, பள்ளிகளிலே சிங்களமும் தமிழும் புறக்கணிக்கப்படுதலைக் கண்டித்து, சுதேச மொழிகளுக்காக வாதாடினார். 1921இல் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. 1942இல் அது முழுப் பல்கலைக்கழகமாயிற்று. அந்நாளைக் காண அவர் உயிருடன் இல்லை. ஆயினும் விதையிட்டவர் அவரே.

ஓய்வு பெற்றோர் சாய்வு நாற்காலியை நாடும் வயதில், அவர் ஏழைகளின் குடிசைகளை நாடினார். 1915இல் சமூக சேவைச் சங்கத்தை நிறுவினார். 1919இல் தொழிலாளர் நலச் சங்கத்தை அமைத்தார். வேலை ஒப்பந்தத்தை மீறினான் என்று தோட்டத் தொழிலாளியைச் சிறையில் அடைக்கும் கொடிய சட்டத்தை எதிர்த்துப் போராடினார். தோட்டத்துத் தமிழருக்காக வாய்திறப்போர் அரிதாயிருந்த காலம் அது. அதே 1919ஆம் ஆண்டு டிசெம்பரிலே, இனபேதமின்றி நாட்டவர் கூடி அமைத்த இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதற் தலைவராயினார்.

அந்த ஒற்றுமை நிலைக்கவில்லை. மேல்மாகாணத் தமிழர்க்கு ஓர் ஆசனம் ஒதுக்குவது பற்றிய வாக்குறுதி காக்கப்படாமையால், 1921இல் மனம் வருந்திக் காங்கிரஸை விட்டு விலகினார். தாம் வளர்த்த மரத்தின் நிழலைத் தாமே துறக்க நேர்ந்தமை அவர் வாழ்வின் பெருந்துயர் எனலாம். எனினும் சோர்ந்திருந்தாரல்லர், 1923இல் தமிழர்க்கென ஓர் அமைப்பை உருவாக்கினார்.

இத்தனை அலுவல்களினிடையேயும் சைவ நூற்பயிற்சி அவரிடம் குன்றவில்லை. மணிவாசகர் பாடல்கள் சிலவற்றை ஆங்கிலமாக்கினார். ஞானநெறி பற்றி நண்பர் காப்பென்ரருக்கு எழுதிய கடிதங்கள் அவர் மறைவின் பின் 1927இல் நூலுருப்பெற்றன. தல யாத்திரையாகத் தமிழகம் சென்றிருந்தபோது, 1924ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 9ஆந் திகதி, மதுரையம்பதியிலே சிவபதம் அடைந்தார்.

வாலிபர்க்கு ஒரு சொல்

நம் திருகோணமலையிலே, துறைமுகத்துக் கடற்படைத்தளம் 1957இல் இலங்கை அரசிடம் கையளிக்கப்படும் வரை, அங்கு ஒரு வேலை கிடைப்பதே பல இளைஞரின் கனவாயிருந்தது. பின்னர் கனவுகள் விரிந்தன. நிர்வாக சேவைப் பரீட்சையை நோக்கும் வாலிபர் அருணாசலத்தின் வாழ்விலிருந்து மூன்றைக் கொள்ளலாம். சென்ற ஆண்டு வினாத்தாளை மட்டும் புரட்டாது பரந்து கற்றல் முதலாவது. அயல்மொழியைத் தேர்ச்சியுறக் கற்கும்போதே தாய்மொழியை இகழாதிருத்தல் இரண்டாவது. கிடைத்த பதவியை ஏழையின் காரியம் முடிக்கும் கருவியாகக் கொள்ளுதல் மூன்றாவது.

போட்டி என்றால் தேறாதோரே மிகுதி. அன்னோரும் மனம் தளரவேண்டுவதில்லை. அருணாசலம் பரீட்சையாற் பெற்ற பதவி 1913இல் முடிந்தது. அவரைத் தொழிலாளர் தந்தையாகவும் பல்கலைக்கழகத் தந்தையாகவும் நாம் நினைப்பதற்குக் காரணமான பணிகளுக்கு எந்தப் பரீட்சையும் வேண்டியிருக்கவில்லை, நெஞ்சமே வேண்டியிருந்தது. சேவையின் வாயில்கள் பல. பரீட்சை அவற்றுள் ஒன்று.

திறந்த வாயில் நம் பின்னோர்க்கும் திறந்தேயிருக்கச் செய்வது நம் கடன். நம் வாலிபரின் முயற்சிகள் யாவும் கைகூடக் கோணேசப் பெருமானின் திருவருள் துணைநிற்பதாக.