அடுப்படியில் இறைவனோடு உறவாடிய சகோதரர் லாரன்ஸ்

வீடு மந்திரிக்கச் செல்லும்போதெல்லாம் தாய்மார்கள் நம்மிடம் சொல்லும் குறை ஒன்று உண்டு. பிள்ளைகளைப் பள்ளிக்கும் கணவரை வேலைக்கும் அனுப்பி முடிப்பதற்குள் பொழுது ஏறிவிடுகிறது. செபமாலை சொல்ல எங்கே நேரம் என்பார்கள். நாமும் தலையசைத்து ஆறுதல் கூறிவிட்டு வருவோம். ஆனால் உண்மையைச் சொன்னால் நம் நிலையும் அதுதான். இந்த யூபிலி வேலைகள் தொடங்கியதிலிருந்து, கட்டளைச் செபப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மனத்திற்குள் சிமெண்டு மூட்டைக் கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்த மாலைகள் பல. அப்படிப்பட்ட ஒரு மாலையில்தான், குருமட நாட்களில் படித்த ஒரு சிறு நூல் நினைவுக்கு வந்தது. அந்நூலுக்குரியவர் ஒரு சமையற்காரர்.

நிக்கொலாஸ் ஹெர்மான் என்பது அவருடைய இயற்பெயர். இன்றைய பிரான்சு நாட்டின் கிழக்கே, லொரேன் பகுதியில் லூனெவில் நகருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் 1614-ஆம் ஆண்டளவில் பிறந்தார். ஏழைக் குடும்பம், பெரிய படிப்பு ஏதுமில்லை. பதினெட்டு வயதில், பனிக்காலத்தில் இலையுதிர்ந்து மொட்டையாக நின்ற ஒரு மரத்தைக் கண்டார். சில வாரங்களில் இந்த மரம் துளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்ற எண்ணம் உள்ளத்தில் எழுந்தது. அவ்வளவுதான். காட்சி இல்லை, அசரீரி இல்லை. ஆயினும் இறைவனின் பராமரிப்பு பற்றி அந்நேரம் பெற்ற உணர்வு தம் வாழ்நாள் முழுவதும் நீங்கவில்லை என்று பிற்காலத்தில் அவரே தெரிவித்திருக்கிறார்.

அதற்காக உடனே துறவறம் புகுந்துவிட்டார் என்று எண்ண வேண்டாம். அது முப்பதாண்டுப் போர் நடந்த காலம். லொரேன் கோமகனின் படையில் சிப்பாயாகச் சேர்ந்தார். செர்மானியப் படையினர் இவரை ஒற்றன் என்று பிடித்துத் தூக்கிலிடுவதாக மிரட்டினார்கள். பின்னர் விடுதலை செய்தார்கள். 1635-ஆம் ஆண்டு ரம்பெர்வில்லே நகரில் சுவீடன் படையினரோடு நடந்த சண்டையில் காயமடைந்தார். போர்ச் சேவகம் அத்தோடு முடிந்தது. பின்னர் தனித்தவம் செய்து பார்த்தார், மனம் நிலைகொள்ளவில்லை. பாரிசில் கருவூல அதிகாரி ஒருவரிடம் ஏவலாளாக அமர்ந்தார். அங்கே கையில் எடுத்ததையெல்லாம் போட்டு உடைக்கும் அசடன் என்று தம்மைப் பற்றி அவரே சொல்லிக்கொள்வார்.

1640-ஆம் ஆண்டு, பாரிசில் வோழிரார் வீதியிலிருந்த காலணியற்ற கார்மேல் சபையாரின் மடத்தில், குருத்துவமில்லாப் பொதுநிலைச் சகோதரராகச் சேர்ந்தார். உயிர்ப்பின் லாரன்ஸ் என்ற துறவறப் பெயர் பெற்று, 1642-இல் வார்த்தைப்பாடு கொடுத்தார். மடத்துச் சமையலறை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

இயல்பாகவே அவருக்குச் சமையல் வேலை பிடிக்காது. இதை நம் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். விருப்பமில்லாத அந்த வேலையை ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் செய்தார். அதைவிடப் பெரிய துன்பம் உள்ளத்தில் இருந்தது. துறவறத்தின் முதல் பத்தாண்டுகள் அவருக்கு ஞானத் துயரக் காலம். தம் பழைய பாவங்கள் கண்முன் நின்றன. தாம் மீட்படையப் போவதில்லை, நரகமே தமக்குக் கதி என்ற அச்சம் நான்கு ஆண்டுகள் ஆட்டி வைத்தது. மறையுரையோ ஆன்ம ஆலோசனையோ அந்த அச்சத்தைப் போக்கவில்லை. இறுதியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இறைவன் மேலுள்ள அன்புக்காகவே இம்மடத்திற்கு வந்தோம். மோட்சமோ நரகமோ அவர் சித்தம். சாகும்வரை அவரை அன்பு செய்தோம் என்ற ஒன்றாவது நமக்கு மிஞ்சும் என்று துணிந்தார். இத்துயரம் ஆயுள் முழுவதும் நீடித்தாலும் சரி என்று ஏற்றுக்கொண்ட பிறகு, எதிர்பாராத ஒரு வேளையில் உள்ளம் அமைதியடைந்தது. அந்த அமைதி பிறகு அவரை விட்டு அகலவில்லை.

அவருடைய செபமுறையை முறை என்று சொல்வதே மிகை. வேலை தொடங்குமுன் இறைவனிடம் உதவி கேட்பார். வேலையின் நடுவே, அருகில் நிற்பவரிடம் பேசுவதுபோல ஓரிரு சொல் பேசுவார். முடிந்ததும், நன்றாக வந்திருந்தால் நன்றி சொல்வார். கெட்டுப் போயிருந்தால், நீர் என்னை விட்டுவிட்டால் நான் இப்படித்தான் செய்வேன் என்ற கருத்தில் அதையும் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். தவறை நினைத்து நினைத்து நோவதில்லை. முட்டை அடையைத் திருப்பிப் போடுவதும், தரையில் கிடக்கும் துரும்பைப் பொறுக்குவதும் அவருக்கு இறையன்பின் செயல்களே. பலர் ஒரே நேரத்தில் ஆளுக்கொன்று கேட்டுக் கூப்பிடும் அடுப்படி இரைச்சலிலும், நற்கருணை முன் முழங்காலில் இருக்கும்போது உள்ள அதே அமைதி தமக்கு உண்டு என்றார். குறிக்கப்பட்ட தியான நேரங்களில் மனம் அலைந்ததையும் அவர் ஒளித்ததில்லை. மெய்யியலும் இறையியலும் ஆண்டுக்கணக்காகப் பயின்ற நமக்கு, இவ்விடத்தைப் படிக்கையில் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

மடத்திற்குத் திராட்சை இரசம் வாங்கும் பொறுப்பும் அவருக்கு வந்தது. 1665-இல் ஒவேர்ஞ் பகுதிக்கும், மறு ஆண்டு புர்குந்திக்கும் அனுப்பப்பட்டார். வியாபாரத் திறமை கிடையாது. கால் ஊனத்தால் படகில் நடக்க முடியாமல், பீப்பாய்களின் மேல் உருண்டே நகர வேண்டியிருந்தது. இது உம்முடைய வேலை என்று ஆண்டவரிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். காரியம் எப்படியோ நன்றாக முடிந்தது. கால் புண் முற்றியதால் சமையலறையிலிருந்து மாற்றப்பட்டு, சகோதரர்களுக்கு மிதியடி தைக்க அமர்ந்தார். அங்கும் அதே உறவாடல்தான்.

கேள்விப்பட்டுக் கற்றோரும் தேடி வந்தார்கள். பின்னாளில் கம்பிரே பேராயரான ஃபெனெலோன், நோயுற்றிருந்த அவரை வந்து சந்தித்தார். யோசேப் தெ பொபோர் என்ற குரு, 1666-ஆம் ஆண்டு முதல் அவரோடு உரையாடியவற்றைக் குறித்து வைத்தார். 1691 பிப்ரவரி 12-ஆம் நாள் சகோதரர் லாரன்ஸ் அமைதியாக இறையடி சேர்ந்தார். அவருடைய கடிதங்களையும் குறிப்புகளையும் பொபோர் 1692-இலும் 1694-இலும் அச்சிட்டார்.

அதன்பின் நடந்தது விந்தை. செப வாழ்வு பற்றி பிரான்சில் எழுந்த ஒரு சர்ச்சையில் இவருடைய பெயரும் இழுக்கப்பட, கத்தோலிக்கர் நெடுங்காலம் இவரை மறந்தார்கள். ஜான் வெஸ்லி முதலிய பிரிந்த சகோதரர்கள் இவரைப் போற்றிப் படித்தார்கள். புனிதர் பட்டம் இவருக்கு இன்றுவரை அளிக்கப்படவில்லை. ஆயினும் 2025 டிசம்பரில், லெபனானிலிருந்து திரும்பும் விமானத்தில், திருத்தந்தை பதினான்காம் லியோ தம் ஆன்மீகத்தை அறிய விரும்புவோர் இந்நூலைப் படிக்கலாம் என்று செய்தியாளர்களிடம் கூறினார்.

சகோதரர் ஒரு கடிதத்தை, வேறெவருக்கும் காட்டக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் எழுதி அனுப்பினார். அதுவும் அச்சேறிவிட்டது. நம் அறையில் ஓர் ஆங்கிலப் பிரதி இருக்கிறது, சிறிய புத்தகம். ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் கேட்போருக்குத் தருவோம். சமையலறையில் வைத்துப் படித்து, மஞ்சள் கறை பட்டுத் திரும்பி வந்தாலும் குற்றமில்லை.