மதுரைக்கு வந்த தத்துவ போதகர்



திருமலை நாயக்கர் மஹாலுக்குச் சுற்றுலா போனபோது ஒரு தூணை ரெண்டு பேர் கைகோத்தும் கட்டிப்பிடிக்க முடியலையே, ஞாபகம் இருக்கா? அந்த மஹால் 1636-ல் கட்டப்பட்டது. அதே காலத்தில் ஐரோப்பாவிலும் இப்படித்தான் பிரம்மாண்டமாகக் கட்டினார்கள். பொன்பூச்சு, பெரிய பெரிய தூண்கள், கூரையில் நிஜ ஆகாயம் மாதிரியே ஓவியம். அந்தக் கலைக்கு பரோக் என்று பெயர். கண்ணையே ஏமாத்துகிற கலை. அங்கேதான் 1637-ல் ரெனே டெகார்ட் என்ற தத்துவ ஞானி, கண்ணால் பார்க்கிறதை எல்லாம் நம்பலாமா, எல்லாத்தையும் சந்தேகப்பட்டா கடைசியில் மிஞ்சுறது எது என்று கேட்டு ஒரு நூல் வெளியிட்டார்.

அவர் படித்தது ஏசு சபைப் பாதிரிமார் நடத்திய பள்ளியில். அதே சபையைச் சேர்ந்த ஒருவர் அதற்கு முன்பே, 1606-ல், நம்ம மதுரைக்கு வந்துவிட்டார். அவர்தான் ராபர்ட் தெ நொபிலி. 1577-ல் இத்தாலியில் பெரிய குடும்பத்தில் பிறந்தவர். மதுரையில் ஏற்கெனவே பெர்னாண்டஸ் என்ற பாதிரியார் இருந்தார். ஆனால் பரங்கி மதம் என்று சொல்லி மதுரைக்காரர்கள் யாரும் கிட்டவே போகவில்லை.

நொபிலி என்ன செய்தார் தெரியுமா? கறுப்பு அங்கியைக் கழட்டிவிட்டுக் காவி உடுத்தினார். காலில் பாதக்குறடு, நெற்றியில் சந்தனம். கறி மீனை விட்டுவிட்டு, ஒரு வேளை மட்டும் சோறும் காய்கறியும் சாப்பிட்டார். (என்னால ஒருநாள்கூட முடியாது!) தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம் மூன்றும் படித்தார். ஆன்மா என்றால் என்ன, மறுபிறவி உண்டா என்று பண்டிதர்களோடு வாதம் செய்தார். தமிழில் ஆத்தும நிருணயம், ஞானோபதேசம் என்ற நூல்களை உரைநடையில் எழுதினார். தத்துவ போதகர் என்ற பெயரும் வந்தது.

பெர்னாண்டஸுக்கு இது பிடிக்கவில்லை. வேஷம் போடுகிறார் என்று ரோமுக்குப் புகார் போனது. பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் வெளி அடையாளம், உள்ளே இருக்கிற நம்பிக்கை வேற என்று நொபிலி வாதாடினார். வெளியே தெரிவது எது, உள்ளே நிஜம் எது? டெகார்ட் கேட்ட கேள்வியும் இதுக்குப் பக்கத்துல வருதுன்னு எனக்குத் தோணுது. 1623-ல் போப் பதினைந்தாம் கிரகோரி நொபிலி பக்கம் தீர்ப்பு சொன்னார்.

ஆனா எனக்கு அவர் மேல ஒரு கோபம் உண்டு. உயர்ந்த சாதிக்காரர்கள் வரவேண்டும் என்பதற்காக, மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிடாமல், தள்ளியே இருந்தார். பெர்னாண்டஸ் கூடவும் ஒன்றாக இருக்கவில்லை. எங்க ஊர் டீக்கடையில ஒரு காலத்துல ரெட்டை டம்ளர் இருந்துச்சுன்னு அப்பத்தா சொல்லும். அதைச் சொல்லும்போது அப்பத்தா குரலே மாறிடும். பூணூல் வெறும் வெளி அடையாளம் என்று வாதாடியவர், சாதியும் அப்படித்தானே என்று ஏன் கேட்கவில்லை? ரொம்ப வருஷம் கழித்து, 1640 வாக்கில், தாழ்த்தப்பட்ட மக்களுக்காகப் பண்டாரசாமிகள் என்று தனிக் குருமாரை ஏற்படுத்தினார்கள். அப்பவும் தனிதான்.

அந்த 1640-ல் நொபிலியை மதுரையிலேயே சிறையிலும் போட்டார்கள். வயதான பிறகு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டார். கடைசியில் மயிலாப்பூர் வந்தார். கண்பார்வை மங்கிப் போயும் காவி உடையை விடவில்லை. 1656-ல் அங்கேயே இறந்தார்.