மாருதி என்ஜினில் பந்தயக் கார் செய்த கரிவரதன்

பொருளாதாரத் தடை இருந்த ஆண்டுகளில் அளவெட்டி வீதிகளில் மண்ணெண்ணெய்ப் புகை கக்கிக்கொண்டு ஓடிய பழைய ஒஸ்ரின், மொரிஸ் கார்கள் பலருக்கு நினைவிருக்கும். கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கிடைத்ததை வைத்து வண்டியை ஓட வைப்பது இங்கே கட்டாயமாக இருந்தது. அதே காலத்தில், கடலுக்கு அந்தப் பக்கம், கோயம்புத்தூரில் ஒருவர் அதை விரும்பியே செய்துகொண்டிருந்தார்.

சுந்தரம் கரிவரதன் 1954 இல் பிறந்தவர். லட்சுமி மில்ஸ் குடும்பம்; பணத்துக்குக் குறைவில்லை. சென்னைக்கு வெளியே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்கள்தான் அவருடைய தலைமுறைக்குப் பள்ளிக்கூடம். வெளிநாட்டுக் காரை இறக்கி ஓட்டுவதோடு அவர் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. தெருவில் ஓடும் மாருதி காரின் என்ஜினைப் பொருத்தி, ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்தார். போர்முலா மாருதி என்ற பெயர் அப்படி வந்தது. என்ஜின் பழுதானால் திருத்த உள்ளூர் மெக்கானிக்கே போதும்.

பந்தயக் காரில் வேகத்தைவிட, வளைவில் அது எப்படி நிற்கிறது என்பதே பெரிய விடயம். அமெரிக்காவின் நீள்வட்டத் தடங்களில் கார்கள் இடப்பக்கம் மட்டுமே திரும்பும். அங்கே வலது பின் ரயரின் சுற்றளவை இடது ரயரைவிடச் சற்றுக் கூட்டி வைப்பார்கள். வாயகன்ற தேத்தண்ணிக் கப்பைப் படுக்கப் போட்டு உருட்டிப் பாருங்கள். நேரே போகாது, வட்டமடிக்கும். அதே கணக்குத்தான். இரண்டு பின் சக்கரங்களும் ஒரே அச்சில் சேர்ந்து சுழல்வதால், பெரிய ரயர் கூடத் தூரம் உருண்டு காரை இடப்பக்கம் திருப்பிவிடும். வித்தியாசம் போதாவிட்டால் கார் திரும்ப மறுத்து வெளிச்சுவர்ப் பக்கம் போகும். அளவு மிஞ்சினால் பின்பக்கம் வழுக்கும். நேர்ப்பாதையிலும் ஒரு பக்கம் இழுக்கும்.

இடமும் வலமும் வளைகிற ஸ்ரீபெரும்புதூர் தடத்தில் இந்த வித்தை எடுபடாது. ஒரு வளைவில் கிடைத்ததை அடுத்த வளைவு பறித்துவிடும். இரு பக்கமும் சமமாக நிற்கிற கார்தான் அங்கே தேவை. எல்லோரிடமும் ஒரே வகை மாருதி என்ஜின் என்றால், யாரிடம் கூடக் காசு இருக்கிறது என்பதைவிட யார் நன்றாக ஓட்டுகிறார் என்பதே வெளியே தெரியும். கரிவரதன் செய்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

1995 ஓகஸ்டில் விமான விபத்தொன்றில் அவர் இறந்துபோனார். அந்தச் செய்தி இங்கே வந்திருந்தாலும் கவனிக்க யாருக்கு நேரம் இருந்தது? ஒக்டோபர் 30 இல் வலிகாமமே வீடுவாசலை விட்டுத் தென்மராட்சிப் பக்கம் நடந்தது.

போர்முலா மாருதியில் பந்தயம் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005 இல் போர்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீற்றர் நீளத்தில் அமைந்த பந்தயத் தடத்துக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர். புதிதாகப் பழகுகிற பிள்ளைகள் அங்கே கார் ஓட்டுகிறார்கள்.