குர்ஆன் ஓதிக்கொடுத்த குதிரை வீரர்



மதரஸாக்களில் ஃபிக்ஹுப் பாடம் தண்ணீரிலிருந்தே தொடங்குகிறது. ஒளுவுக்கு உரிய தண்ணீர் எது, தண்ணீர் கிடைக்காதவர் என்ன செய்ய வேண்டும் என்று பாடம் நகரும்போது ஒரு சட்டம் வரும். பயணத்தில் இருப்பவரிடம் சிறிதளவே தண்ணீர் இருக்கிறது. அதை ஒளுவுக்குச் செலவிட்டால் உடன் வரும் பிராணி தாகத்தால் வாடும் என்ற அச்சமும் இருக்கிறது. அந்நிலையில் தண்ணீரைப் பிராணிக்கு விட்டுவிட்டு, அவர் மண்ணைக் கொண்டு தயம்மும் செய்து தொழலாம். வீட்டுக்கு வீடு கிணறும் பள்ளிவாசல்தோறும் ஹவ்ளும் கண்டு வளர்ந்த நம் பிள்ளைகள் இச்சட்டத்தை மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஓதிக்கொடுக்கும் நாமும் அப்படிக் கடந்து வந்தவர்கள்தாம்.

ஏட்டில் உள்ள அச்சட்டம் யாருடைய வாழ்வில் அன்றாடத் தேவையாக இருந்ததோ, அத்தகைய ஓர் உஸ்தாதைப் பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். பெயரை நீங்கள் அறிவீர்கள். 1981இல் வெளிவந்த ஆங்கிலத் திரைப்படம் ஒன்றின் வழியாகப் பாலைவனச் சிங்கம் என்று உலகம் முழுவதும் அறியப்பட்டவர், லிபியாவின் ஷெய்கு உமர் முக்தார் (ரஹ்) அவர்கள். அப்படத்தினால் நன்மையும் உண்டு, ஓர் இடைஞ்சலும் உண்டு. அதில் நடிகர் பேசிய வசனங்களை ஷெய்கு அவர்களே மொழிந்தவை என்று எண்ணிப் பலர் பரப்பி வருகின்றனர். ஆகவே அன்னாரின் வாயில் எந்தச் சொல்லையும் நான் வைக்கப்போவதில்லை. அவர்கள் வாழ்ந்த வாழ்வைச் சொன்னாலே போதும்.

லிபியாவின் கீழைப் பகுதிக்கு பர்கா என்று பெயர். அங்கே தோப்ருக் துறைமுகத்தை அடுத்த ஜன்ஸூரில், மினிஃபா கோத்திரத்தில், 1860ஆம் ஆண்டை ஒட்டி உமர் முக்தார் பிறந்தார்கள். தந்தையார் ஹஜ்ஜுக்குச் செல்லும் வழியில் வஃபாத்தானார். பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பை ஷெய்கு ஹுஸைன் அல்கர்யானி என்ற பெரியவர் ஏற்றார். அல்கர்யானி என்ற இக்குடும்பப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மீண்டும் வரும்.

பின்னர் உமர் அவர்கள் பாலைவன ஓரத்து ஊராகிய ஜக்பூபுக்குச் சென்று எட்டு ஆண்டுகள் ஓதினார்கள். அது ஸனூஸி தரீக்காவின் தலைமையிடம். அத்தரீக்காவினர் பர்கா முழுவதும் ஸாவியாக்களை அமைத்திருந்தனர். நம் ஊர்த் தைக்காக்களை நினைத்துக்கொண்டால் ஸாவியா ஓரளவு விளங்கும். ஆனால் அங்கே அது பள்ளிவாசலாகவும் மதரஸாவாகவும் வழிப்போக்கர் சத்திரமாகவும் வழக்குத் தீர்க்கும் இடமாகவும் இருந்தது. 1897இல் அல்குஸூர் என்ற இடத்து ஸாவியாவுக்கு உமர் அவர்களை ஷெய்காக அனுப்பினார்கள். அடங்காதவர்கள் என்று பெயரெடுத்த அபீத் கோத்திரத்தார் வாழ்ந்த பகுதி அது. அங்கே பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பதும் பெரியவர்களின் பிணக்குகளைத் தீர்ப்பதுமாக அன்னாரின் காலம் சென்றது.

திருமறையின் நூறாவது அத்தியாயமாகிய ஆதியாத், அதிகாலையில் மூச்சிரைக்கப் பாய்ந்தோடும் குதிரைகளைக் கொண்டு சத்தியமிட்டுத் தொடங்குவதை நீங்கள் அறிவீர்கள். நம் பிள்ளைகளுக்கு அதன் பொருளை விளக்கப் படம் வரைந்து காட்ட வேண்டும். அல்குஸூரின் பிள்ளைகள் வாசலை எட்டிப் பார்த்தால் போதும்.

சாத் நாட்டில் பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்து ஸனூஸிகள் போரிட்ட காலத்தில் ஷெய்கு அவர்களும் அங்குச் சென்று சில ஆண்டுகள் இருந்தார்கள். அந்தப் பயணத்தில் நிகழ்ந்ததாக ஒரு செய்தி சொல்லப்படுகிறது. வழியில் ஒரு சிங்கம் வணிகக் கூட்டங்களை மறித்துவந்தது. கிழ ஒட்டகம் ஒன்றை அதற்குக் கொடுத்துவிட்டுக் கடப்பது வழக்கமாகிவிட்டதாம். ஷெய்கு அவர்கள் அதற்கு இசையாமல் தாமே முன்சென்று சிங்கத்தைச் சுட்டார்கள் என்பர். பிற்காலத்தில் இத்தாலியர் கப்பம் கேட்டு வந்தபோது அன்னார் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு இச்செய்தியை நம்புவது கடினமாக இராது.

1911 அக்டோபரில் இத்தாலி லிபியாவின் மீது படையெடுத்தது. மறு ஆண்டே துருக்கியர் உடன்படிக்கை செய்துகொண்டு விலகினர். மண்ணின் மக்கள் மட்டும் எஞ்சினர். போரும் இடைக்கால ஒப்பந்தங்களுமாகப் பத்தாண்டுகள் ஓடின. 1922 டிசம்பரில் ஸனூஸிகளின் தலைவர் இத்ரீஸ் அவர்கள் எகிப்துக்குச் சென்றுவிட, அவருடைய பிரதிநிதியாக நின்று போரை நடத்தும் பொறுப்பு ஷெய்கு உமர் முக்தார் அவர்களின் தோளில் விழுந்தது. அப்போது வயது அறுபதைக் கடந்திருந்தது. நம்மில் அந்த வயதினர் பள்ளிவாசல் படியேறுவதற்குக் கைப்பிடி தேடுகிறோம். அன்னாரோ சேணத்தின் மீது ஏறினார்கள். ஒன்பது ஆண்டுகள் இறங்கவில்லை.

அந்த நிலத்தைச் சற்றே மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். அல்ஜபல் அல்அக்ளர், அதாவது பச்சை மலை என்று அதற்குப் பெயர். கடலை நோக்கிய வடபுறம் மழை பெற்று, சூரைப் புதர்களும் மரங்களும் அடர்ந்திருக்கும். முகட்டைக் கடந்து தெற்கே இறங்கினால் பசுமை கொஞ்சங்கொஞ்சமாக அற்றுப்போய், கல்லும் முள்ளும் வறண்ட வெளியுமாக நிலம் பாலைவனத்தில் முடியும். மலை முழுதும் சுண்ணாம்புப் பாறை. பெய்யும் மழையைப் பாறை உறிஞ்சிக்கொள்வதால் ஆறு என்று எதுவும் இல்லை. ஆனால் பல்லாயிரம் ஆண்டுகளாக வெள்ளம் அறுத்த ஆழமான வாதிகள், அதாவது செங்குத்தான பள்ளத்தாக்குகள், மலையைப் பிளந்துகொண்டு ஓடுகின்றன. ஆண்டின் பெரும்பகுதி அவை காய்ந்து கிடக்கும். வெள்ளம் வந்தால் எப்படி வரும் என்பதை 2023 செப்டம்பரில் தெர்னா நகரம் பட்ட பாட்டில் உலகம் கண்டது. அவ்வாதிகளில் பெயர்பெற்றது வாதீ அல்கூஃப். இருமருங்கும் குகைகள் நிறைந்தது. குகையைக் குறிக்கும் கஹ்ஃபு என்ற சொல்லிலிருந்தே அப்பெயர் வந்தது என்பர். வெள்ளிக்கிழமைதோறும் நாம் ஓதும் சூராவின் பெயரும் அதுதானே!

ஷெய்கு அவர்களின் பாசறைகள் இத்தகைய வாதிகளில் இருந்தன. குதிரைகளோடு பாசறை அமைப்பது எளிய காரியமன்று. ஒட்டகம் நாட்கணக்கில் தாகம் பொறுக்கும், குதிரை பொறுக்காது. ஒரு குதிரைக்கு நாளொன்றுக்குச் சுமார் 30 லிட்டர் தண்ணீர் வேண்டும், வெயிற்காலத்தில் இன்னும் மிகுதியாக வேண்டும். நூறு குதிரைகள் நின்றால் மூவாயிரம் லிட்டர். ஊற்றுகள் அரிதான அந்த மலையில், முற்காலத்துக் கிரேக்கரும் ரோமரும் பாறையில் குடைந்து வைத்த மழைநீர்த் தொட்டிகள்தாம் பல இடங்களில் கைகொடுத்தன. தண்ணீர் உள்ள இடம் பகைவனுக்கும் தெரியும் என்பதால் அங்கே தங்கவும் இயலாது. வானில் விமானங்கள் வட்டமிட்டதால் திறந்த வெளியும் ஆகாது. ஒரே வாயில் கொண்ட பள்ளத்தாக்கு என்றால் அதுவே பொறியாகிவிடும். மறைவும் தண்ணீரும் தப்பும் வழியும் ஒருங்கே அமைந்த இடத்தைத் தேடி, அமைந்த இடத்திலும் நெடுநாள் தங்காமல், மீண்டும் சேணம் பூட்ட வேண்டும். பகைவனை எதிர்நோக்கியபடி ஒரு சாரார் காவல் நிற்க மற்றொரு சாரார் தொழும் ஸலாத்துல் கவ்ஃபு என்னும் அச்சநேரத் தொழுகையின் சட்டங்களும் அவர்களுக்குத் தேவைப்பட்டன.

இத்தனைக்கும் நடுவே ஷெய்கு அவர்கள் ஓதுவதை விடவில்லை. இரவில் இரண்டு மூன்று மணி நேரமே உறங்குவார்கள், பின்னிரவில் எழுந்து ஸுப்ஹு வரை ஓதுவார்கள், ஏழு நாட்களுக்கு ஒருமுறை குர்ஆனை முழுமையாக முடிப்பார்கள் என்று உடனிருந்தவர்கள் சொல்லியுள்ளனர். பகலெல்லாம் சேணத்தில் இருந்த முதியவர் குகைவாயிலில் அமர்ந்து ஓத, இருளில் குதிரைகள் வாற்கோதுமை மெல்லும் காட்சியை எண்ணிப் பாருங்கள்.

கோத்திரங்களை ஒட்டியே படைப்பிரிவுகள் வகுக்கப்பட்டிருந்தன. வீழ்ந்தவருக்குப் பதிலாக அவருடைய கோத்திரம் வேறொருவரை அனுப்பும். மொத்தப் போராளிகள் ஆயிரத்துச் சொச்சத்தைத் தாண்டியது அரிது. ஆனால் இத்தாலியருக்குப் பணிந்துவிட்டதாகக் கணக்கில் எழுதப்பட்ட மக்களே இரவில் ஷெய்கு அவர்களுக்கு ஜகாத்தும் தானியமும் செய்தியும் அனுப்பினர். பகலில் ஓர் அரசு, இரவில் ஓர் அரசு என்ற நிலை. மாத உதவித்தொகையும் வசதியான வாழ்வும் தருவதாக இத்தாலியர் காட்டிய ஆசைகள் பலிக்கவில்லை. 1929 ஜூன் 19இல் ஆளுநர் படோலியோவை ஸீதி ரஹூமாவில் நேரில் சந்தித்துப் பேசியும் பார்த்தார்கள். அந்தப் போர்நிறுத்தம் ஆண்டு முடியும் வரைகூட நிற்கவில்லை.

1930இல் தளபதி கிராசியானி பொறுப்பேற்று வந்தார். ஷெய்கு அவர்களின் பலம் குகைகளில் இல்லை, கூடாரங்களில் வாழும் மக்களிடம் இருக்கிறது என்பதை அவர் கண்டுகொண்டார். ஸாவியாக்கள் மூடப்பட்டு அவற்றின் சொத்துகள் பறிக்கப்பட்டன. மலையில் வாழ்ந்த சுமார் ஒரு இலட்சம் மக்கள், ஆணும் பெண்ணும் குழந்தைகளும், மந்தைகளோடு கடற்கரைப் பாழ்வெளிக்கு ஓட்டிச் செல்லப்பட்டனர். சுலூக், மக்ரூன், பரேகா, அகைலா ஆகிய இடங்களில் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டனர். பசியாலும் நோயாலும் அங்கே மாண்டவர்கள் நாற்பதாயிரத்துக்குக் குறையமாட்டார்கள் என்று ஆய்வாளர் பலர் கணக்கிட்டுள்ளனர். மந்தைகளில் பெரும்பகுதி அழிந்தது. 1930 ஜூலையில் தாஸிர்பூ பாலைச்சோலையின் மீது நச்சுக் குண்டுகள் வீசப்பட்டன. எகிப்து எல்லை நெடுகச் சுமார் 270 கிலோமீட்டருக்கு முள்கம்பி வேலி எழுந்தது.

இங்கே ஒரு கேள்வியைத் தவிர்க்க இயலாது. மக்கள் இவ்வளவு துன்புறும்போது போரை நிறுத்தியிருக்கலாமே என்று அன்றே சிலர் கேட்டனர். ஸனூஸிக் குடும்பத்திலேயே தனியாக உடன்பாடு செய்துகொண்டவர்கள் இருந்தனர். ஷெய்கு அவர்களை வளர்த்த அல்கர்யானி குடும்பத்தைச் சேர்ந்த ஷாரிஃப் அல்கர்யானியே இத்தாலியரோடு இணக்கமாக இருந்து நடுவராகப் பேசிப்பார்த்தார். அவர்களையெல்லாம் கோழைகள் என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. வேலிக்குள் மடியும் குழந்தைகளைக் கண்டவர்களும் அவர்கள்தாம். ஆனால் பணிந்த கோத்திரங்களும் பணியாத கோத்திரங்களும் ஒரே வேலிக்குள்தான் அடைக்கப்பட்டனர் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். எகிப்துக்குச் சென்று தங்கிவிடும் வழியும் ஷெய்கு அவர்களுக்கு இருந்தது. மனைவி மக்களை அங்கே அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் மலையிலேயே இருந்தார்கள்.

1930 அக்டோபரில் நடந்த ஒரு மோதலில் அன்னாரின் மூக்குக் கண்ணாடி கீழே விழுந்து பகைவர் கையில் சிக்கியது. ஓதுவதற்கு உதவிய அந்தக் கண்ணாடியை கிராசியானி எடுத்து வைத்துக்கொண்டார்.

மறு ஆண்டு செப்டம்பர் 11. நபித்தோழர் ருவைஃபிஉ பின் ஸாபித் அல்அன்ஸாரி (ரலி) அவர்களின் அடக்கத்தலம் பச்சை மலையின் பைளா நகரில் உள்ளது. ஷெய்கு அவர்கள் சிறு குதிரைக் கூட்டத்தோடு அங்கே ஜியாரத்துக்காகச் சென்றதாக எழுதியுள்ளனர். ஸலன்தா அருகே இத்தாலியர் படை அவர்களைச் சூழ்ந்துகொண்டது. குண்டு பாய்ந்து குதிரை வீழ்ந்தது. கையில் காயம்பட்டு, சாய்ந்த குதிரையின் அடியிலிருந்து விடுபட இயலாமல் கிடந்த முதியவரை, இத்தாலியர் பணியில் இருந்த அந்நாட்டுக் குதிரைப்படையினரே அடையாளம் கண்டனர்.

ஸூஸா துறைமுகத்திலிருந்து போர்க்கப்பலில் பென்காசிக்குக் கொண்டு சென்றனர். சிறையில் ஷாரிஃப் அல்கர்யானி வந்து பார்த்தார். வளர்த்த வீட்டுப் பிள்ளை பகைவரின் அனுமதியோடு எதிரே நிற்க, ஷெய்கு அவர்கள் விலங்கோடு இருந்தார்கள். கிராசியானி தம் முன் வரவழைத்து, ஓராண்டாக வைத்திருந்த மூக்குக் கண்ணாடியை எடுத்துக் காட்டினார். 15ஆம் தேதி மாலை நடந்த விசாரணை சிறிது நேரத்தில் முடிந்தது. தீர்ப்பு முன்பே தயாராக இருந்தது. அவருக்காக வாதாட அமர்த்தப்பட்ட இத்தாலிய இராணுவ அதிகாரி, கடமையை உண்மையாகச் செய்ததற்காகத் தண்டிக்கப்பட்டார். அவரையும் சொல்லாமல் விடுவது நீதியன்று.

1931 செப்டம்பர் 16, புதன்கிழமை காலை. சுலூக் முகாமின் மக்கள் சுமார் இருபதாயிரம் பேரை வெளியே கொண்டுவந்து நிறுத்தினார்கள். எழுபதைக் கடந்த அந்த உஸ்தாதை அவர்கள் கண்ணெதிரே தூக்கிலிட்டார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் அவரிடம் அலிஃப் பா ஓதியவர்களும் இருந்திருப்பார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அன்னாருக்குப் பின் தலைமையேற்ற யூஸுஃப் பூ ரஹீல் டிசம்பரில் போரில் வீழ்ந்தார். 1932 ஜனவரி 24இல் போர் முடிந்ததாக படோலியோ அறிவித்தார். முகாம்களில் உயிரோடு எஞ்சியவர்களைப் பின்னர்ச் சிறிது சிறிதாக விடுவித்தனர். அவர்கள் மலைக்குத் திரும்பியபோது மழை பெறும் நல்ல நிலங்கள் இத்தாலியக் குடியேறிகளுக்கென்று அளக்கப்பட்டிருந்தன. ஷெய்கு அவர்களின் குதிரைகள் தண்ணீர் தேடி அலைந்த தென்சரிவு மட்டும் அவர்களுக்கு மிஞ்சியது.