பொருநை ஈன்ற கலைச்செல்வி

நுழையும்முன்

நாடகமேடையில் பெண் வேடத்தையும் ஆணே புனைந்த காலம் ஒன்று இருந்தது. மேடையேறிய பெண்ணைக் கைதட்டி வரவேற்ற சமூகம், மேடையை விட்டு அவள் இறங்கியதும் மதிக்கத் தயங்கியது. அத்தயக்கத்தைத் தம் கலையால் வென்றவர்களுள் ஒருவர் எஸ். டி. சுப்புலட்சுமி. நாடகத்திலிருந்து திரைக்கு வந்த அவருடைய வாழ்வு, தமிழ்ப் பேசும்படத்தின் தொடக்க வரலாற்றோடு இணைந்தது.

ஆற்றங்கரை ஊர்

தாமிரபரணியின் வடகரையில் அமைந்துள்ளது திருவைகுண்டம். நவதிருப்பதிகளுள் ஒன்றும் நவகைலாயங்களுள் ஒன்றும் இவ்வூரில் உள்ளன. குமரகுருபரர் பிறந்த பெருமையும் இவ்வூருக்கு உண்டு. இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள இவ்வூர், அன்று திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இங்கு 1910களின் பிற்பகுதியில் துரைசாமியின் மகளாகச் சுப்புலட்சுமி பிறந்தார். ஊரின் பெயரும் தந்தையின் பெயரும் முதலெழுத்துகளாகி, அவர் எஸ். டி. சுப்புலட்சுமி என அறியப்பட்டார்.

பொருநைச் சீமை நாடகத்துக்கும் தாய்வீடு. தமிழ் நாடகத் தலைமையாசிரியராகப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள், 1867ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். அவர் எழுதிய நாடகங்களுள் ஒன்றாகிய பவளக்கொடியே பின்னாளில் சுப்புலட்சுமியின் வாழ்வில் திருப்புமுனையாக அமைந்தது.

மேடை வாழ்க்கை

சுவாமிகளின் காலத்தில் சிறுவர்களே நடித்த பாலர் நாடகக் குழுக்கள் பல இருந்தன. அவற்றில் நாயகியாகவும் தோழியாகவும் தாயாகவும் சிறுவர்களே தோன்றினர். இவற்றுக்கு வெளியே ஸ்பெஷல் நாடகம் என்னும் முறையும் வழங்கியது. வெவ்வேறு ஊர்களில் வாழும் நடிகர்கள் நாடக நாளன்று ஓரிடத்தில் கூடி, முன்னொத்திகை இன்றியே விடிய விடிய நடிப்பர். எதிரே நிற்பவர் எந்தப் பாட்டைத் தொடுத்தாலும் உடனே எதிர்ப்பாட்டுப் பாடும் திறமை வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத அரங்குகளில் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கும்படி குரல் எழ வேண்டும். இம்முறையில் பெண்களுக்கும் மேடையில் இடம் கிடைத்தது. ஆயினும், புகழும் பொருளும் ஈட்டிய நடிகையரைக்கூட அன்றைய சமூகம் ஓர் அடி தள்ளியே நிறுத்தியது.

இக்கடுமையான பயிற்சிக்களத்தில் வளர்ந்தவர் சுப்புலட்சுமி. எம். கே. தியாகராஜ பாகவதருடன் இணைந்து அவர் நடித்த பவளக்கொடி நாடகம் பெரும்புகழ் பெற்றது. பாகவதர் அருச்சுனனாகவும் சுப்புலட்சுமி பவளக்கொடியாகவும் தோன்றிய அந்நாடகத்தின் வெற்றியே அதனைத் திரைப்படமாக்கத் தூண்டியது.

திரையில் பவளக்கொடி

தமிழின் முதல் பேசும்படமான காளிதாஸ் 1931ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் நாயகி திருவையாற்றைச் சேர்ந்த டி. பி. ராஜலட்சுமி. தொடக்கத்தில் தமிழ்ப்படங்கள் பம்பாய், கல்கத்தா போன்ற நகரங்களிலேயே எடுக்கப்பட்டன. சென்னையில் படப்பிடிப்புத் தளங்கள் தோன்றத் தொடங்கிய 1934ஆம் ஆண்டில் பவளக்கொடி உருவாயிற்று. வழக்கறிஞராக இருந்த கே. சுப்பிரமணியம் இயக்கிய முதல் படம் அது. பாகவதருக்கும் அதுவே முதல் படம். பாபநாசம் சிவன் பாடல்களை இயற்றினார். ஏறத்தாழ 50 பாடல்கள் அதில் இடம்பெற்றன.

அடையாற்றுப் பகுதியில் சூரிய ஒளியைக்கொண்டே படம்பிடித்தனர். மேகம் மறைத்தால் பணி நின்றுவிடும். பின்னணிப் பாடகர் என்னும் முறை அன்று இல்லை. எனவே ஒளிப்பதிவுக் கருவி சுழலும்போதே நடிகர் பாடவும் நடிக்கவும் வேண்டும். ஓரிடத்தில் சுருதி பிசகினாலும் மீண்டும் தொடக்கத்திலிருந்து பாட வேண்டும். இரவு முழுவதும் பாடிப் பழகிய மேடைக்குரல் சுப்புலட்சுமிக்கு இங்கே கைகொடுத்தது.

பின்னர் அவர் சுப்பிரமணியத்தை மணந்தார். நவீன சதாரம், நவீன சாரங்கதரா முதலிய படங்களில் நாயகியாக நடித்தார். 1936ஆம் ஆண்டில் வெளிவந்த பக்த குசேலா அவருடைய நடிப்பாற்றலுக்குச் சான்றானது. அதில் பாபநாசம் சிவன் குசேலராக நடித்தார். குசேலரின் மனைவி சுசீலையாகவும் கண்ணனாகவும் சுப்புலட்சுமி இரு வேடங்கள் ஏற்றார். வறுமையில் வாடும் இல்லாளும் துவாரகையை ஆளும் மன்னனும் ஒருவரே. பெண் வேடத்தை ஆண்கள் ஏற்றிருந்த கலையுலகில், ஆண் வேடத்தை ஒரு பெண் ஏற்று நிறைவுறச் செய்தார்.

தியாகபூமியின் சாவித்திரி

அவருடைய புகழின் உச்சம் தியாகபூமி. கல்கியின் கதை ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்தபோதே படமும் உருவாகி, படக்காட்சிகள் தொடருடன் அச்சிடப்பட்டன. 1939ஆம் ஆண்டில் படம் திரைக்கு வந்தது. பாபநாசம் சிவன் சம்பு சாஸ்திரியாகவும், அவருடைய மகள் சாவித்திரியாகச் சுப்புலட்சுமியும், சாவித்திரியின் மகள் சாருவாகப் பேபி சரோஜாவும் நடித்தனர்.

கணவனால் துன்புறுத்தப்பட்டுத் துரத்தப்படும் சாவித்திரி, பின்னர்ச் செல்வச்சீமாட்டி உமாராணியாகத் திரும்புகிறாள். முன்பு வெறுத்த கணவன் இப்போது அவளுடன் வாழும் உரிமை கோரி நீதிமன்றம் செல்கிறான். அவளோ, அவனுக்கு வாழ்க்கைப்பொருள் வழங்க இசைகிறாள். சேர்ந்து வாழ மறுக்கிறாள். பின்னர்ச் செல்வத்தையும் துறந்து நாட்டு விடுதலைப் பணியில் இறங்குகிறாள்.

இந்து திருமணச் சட்டம் 1955ஆம் ஆண்டில்தான் இயற்றப்பட்டது. அதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்னரே, கணவனின் கொடுமையை ஏற்க மறுக்கும் மனைவி ஒருத்தி திரையில் நிமிர்ந்து நின்றாள். முற்பகுதியின் அடக்கமும் பிற்பகுதியின் உறுதியும் ஒரே பெண்ணின் இயல்புகளாகத் தோன்றாவிடில், சாவித்திரியின் மறுப்பு வெறும் செருக்காகிவிடும். அந்த இடரைச் சுப்புலட்சுமி தம் நடிப்பால் கடந்தார்.

1939ஆம் ஆண்டின் இறுதியில் காங்கிரசு அமைச்சரவை பதவி விலகியது. ஆங்கில அரசு 1940ஆம் ஆண்டில் தியாகபூமியைத் தடைசெய்தது. தடை வருவதை அறிந்ததும், சென்னை கெயிட்டி திரையரங்கில் கட்டணமின்றிப் படத்தைத் திரையிட்டனர். மக்கள் திரண்டனர், காவலர் தடியடி நடத்திக் கூட்டத்தைக் கலைத்தனர்.

நிலைத்த புகழ்

1942ஆம் ஆண்டில் வெளிவந்த அனந்தசயனம் படத்தில் கணவரும் மனைவியும் சேர்ந்து நடித்தனர். காலம் மாறியது, பின்னணிப் பாடல் முறை வந்தது, பாடத் தெரியாதவரும் நடிக்கலாம் என்றாயிற்று. நாயகியாக விளங்கிய சுப்புலட்சுமி, பின்னாளில் தாய் வேடங்களை ஏற்றார்.

தொடக்ககாலத் தமிழ்ப்படங்கள் பல, படச்சுருள் சிதைந்து அழிந்துவிட்டன. தியாகபூமியின் படி புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் எஞ்சியுள்ளது. திருவைகுண்டத்துப் பெண்ணொருத்தியின் குரலும் முகமும் அதில் வாழ்கின்றன. நடிகையை மதிக்கத் தயங்கிய சமூகம், அந்நடிகையின் வாய்வழியாகவே பெண்ணின் தன்மதிப்பைக் கேட்டறிந்தது.

தெரிந்து தெளிவோம்

பாபநாசம் சிவனின் பெயரிலுள்ள பாபநாசம், தஞ்சைப் பகுதியில் உள்ள ஊர். தாமிரபரணி மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் பாபநாசம் வேறு.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதியில் வாழ்ந்த நாடகக் கலைஞர் ஒருவரைப் பற்றிய செய்திகளைத் திரட்டி வகுப்பறையில் உரையாற்றுக.

2. பின்னணிப் பாடல் முறையால் நடிப்புக்கலை பெற்றதும் இழந்ததும் குறித்துக் கலந்துரையாடுக.