ஹால்ஸ்டைன் விட்டுச் சென்ற சொல்

செருமானிய நாட்டின் மைன்ஸ் நகரில் 1901ஆம் ஆண்டு பிறந்தவர் வால்ட்டர் ஹால்ஸ்டைன். முப்பது அகவை நிரம்புமுன்னரே ராஸ்டாக் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியரானார். ஹிட்லர் ஆட்சியில் அவர் நாஜிக் கட்சியில் சேரவில்லை. ஆயினும் அவ்வாட்சியின் தொழில்சார் சங்கங்களில் உறுப்பினராயிருந்தார், பேராசிரியப் பதவியையும் துறந்தாரில்லை. இதனை மறைத்து அவருக்குப் புகழ்மாலை சூட்டுவது முறையன்று. சட்ட நூல்கள் அலமாரியில் இருந்தபடியே இருக்க, நீதி மட்டும் நாட்டைவிட்டு வெளியேறிய காலம் அது. அதனை அவர் உள்ளிருந்தே கண்டார்.

1944இல் ஷெர்பூரில் அமெரிக்கரிடம் சிறைப்பட்டார். மிசிசிப்பி மாநிலத்துப் போர்க்கைதிகள் முகாமில், முள்வேலிக்குள்ளேயே உடன்கைதிகளுக்காக ஒரு பல்கலைக்கழகம் நடத்தினார்! தாயகம் திரும்பியவரை 1946இல் பிராங்க்பர்ட் பல்கலைக்கழகம் தன் தலைவராக ஏற்றது.

1950இல் பிரான்சின் அயலுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமன், நிலக்கரியையும் எஃகையும் பொது ஆளுகையின்கீழ் வைக்க முன்மொழிந்தார். அப்பேச்சுகளில் செருமானியக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஹால்ஸ்டைன். 1957இல் ரோம் உடன்படிக்கையில் அடெனாவருடன் கையொப்பமிட்டார்; 1958 முதல் 1967 வரை ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்து ஆணையத்தின் முதல் தலைவராக விளங்கினார்.

படையும் காவலரும் இல்லாத இவ்வமைப்பு எதனால் நிற்கும்? சட்டத்தால் மட்டுமே என்பது அவர் விடை. நாடுகளைக் கடந்த அதிகாரம் சட்டத்தில் பிறந்து, சட்டத்தையே பிறப்பித்து, அச்சட்டத்துக்குத் தானும் அடங்கவேண்டும் என்றார். அதற்கு அவர் இட்ட பெயர் சட்டச் சமூகம் என்பது. ஒரு சொல்லில் ஓர் அரசியலையே அடக்கும் திறம் புலவர்க்கு மட்டும் உரியதன்று போலும். 1964இல் மிலான் நகர வழக்கறிஞர் ஒருவர் சிறு மின்கட்டணத்தைச் செலுத்த மறுத்ததில் எழுந்த வழக்கில், உறுப்பு நாட்டுச் சட்டத்தினும் சமூகத்தின் சட்டமே மேல் என லக்சம்பர்க் நீதிமன்றம் தீர்த்தது.

மறு ஆண்டே இடி விழுந்தது. சமூகத்துக்குச் சொந்த வருவாயும் அதன் பாராளுமன்றத்துக்குக் கூடுதல் அதிகாரமும் வேண்டிய ஹால்ஸ்டைனின் திட்டத்தை டி கோல் ஏற்கவில்லை. ஏறத்தாழ ஏழு திங்கள் பிரான்சின் நாற்காலி வெறுமையாகக் கிடந்தது. ஹால்ஸ்டைன் விரைந்துவிட்டார் என்பார் கூற்றில் உண்மையுண்டு. அரசியலில் அவர் தோற்றார். 1969இல் வெளியிட்ட தம் நூலுக்கு முற்றுப்பெறாத கூட்டரசு எனப் பொருள்படும் தலைப்பையே சூட்டினார். 1982இல் ஸ்டுட்கார்ட்டில் மறைந்தார்.

சொல் மறையவில்லை. 1986இல் பிரான்சின் பசுமைக் கட்சியினர் ஐரோப்பியப் பாராளுமன்றத்தின்மீதே தொடுத்த வழக்கின் தீர்ப்பில், செருமானிய வடிவத்தில், அச்சொல்லே இடம்பெற்றது. 2021இல், நீதிபதிகளைத் தண்டிக்க அமைத்த அவையை நிறுத்துமாறு விடுத்த ஆணைக்குப் போலந்து பணியாதபோது, அதே நீதிமன்றம் நாளொன்றுக்கு 10 லட்சம் யூரோ தண்டம் விதித்தது. போலந்து செலுத்தவில்லை. தண்டத்தைப் பறிக்கக் காவலர் எவரும் செல்லவுமில்லை. அந்நாட்டுக்குச் சேரவேண்டிய ஐரோப்பிய நிதியிலிருந்து ஆணையம் அதனைக் கழித்துக்கொண்டது.